தாழ் அதிர்வெண் அலையியற்றி

தாழ் அதிர்வெண் அலையியற்றி, சிந்தசைசரில் ஒலியை அசைப்பதற்கென்றே அமைந்த மின்சுற்று. மென்பொருள் கருவிகளில் அதே வேலையை நிரல் செய்கிறது. இசைக்கலைஞர்களிடையே எல்.எஃப்.ஓ. என்ற பெயரே வழக்கு. இது பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது காது கேட்கும் எல்லைக்கு அடியில் இயங்குகிறது. ஆகவே இதன் அலை ஒலிபெருக்கிக்குப் போவதில்லை. கருவியின் வேறொரு பகுதியைச் சீராக ஏற்றி இறக்குகிறது.

எதை அசைக்கிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமையும். சுருதியை அசைத்தால் வைப்ரேட்டோ. ஒலியளவை அசைத்தால் ட்ரெமலோ. ஃபில்டரை அசைத்தால் ஒலி மங்கியும் துலங்கியும் வரும். துடிப்பு அலையின் அகலத்தை மெல்ல அசைத்தால், ஒரே அலையியற்றி இரண்டு சேர்ந்து ஒலிப்பது போலத் தடிக்கும். 1982இல் வந்த ரோலண்ட் ஜூனோ-60இல் ஒரு குரலுக்கு ஓர் அலையியற்றிதான். அதன் செழுமைக்கு இந்த உத்தி பெரிதும் கைகொடுத்தது.

அலையின் வடிவமும் முக்கியம். சைன் அலையும் முக்கோண அலையும் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். சதுர அலை இரண்டு நிலைகளுக்கிடையே தாவும். 'சாம்பிள் அண்ட் ஹோல்ட்' முறை கணிக்க முடியாத படிகளில் குதிக்கும்.

1970இல் வெளிவந்த மினிமூக் சிந்தசைசரில் இதற்கெனத் தனிச் சுற்று கிடையாது. மூன்றாவது அலையியற்றியின் வேகத்தைக் குறைத்து இந்த வேலைக்குப் பயன்படுத்தினார்கள். ஒலிக்க வேண்டிய ஒன்றை அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் விசைப்பலகையின் இடப்பக்கத்தில் இருந்த சக்கரம், அசைவின் ஆழத்தை வாசிப்பவரின் கையில் ஒப்படைத்தது. எல்.எஃப்.ஓ.வின் வரலாற்றில் இதுவே மிகப் பெரிய முன்னேற்றம் எனலாம். ஓயாமல் ஒரே அளவில் ஆடும் வைப்ரேட்டோ விரைவில் சலித்துவிடும். நல்ல பாடகர் ஸ்வரத்தை நிறுத்திய பிறகே அசைவைச் சேர்ப்பார். சக்கரம் வந்தபின் சிந்தசைசர் கலைஞருக்கும் அது கைகூடியது.

வேகத்தைத் தாளத்தோடு பூட்டுவது இன்னொரு உத்தி. நிமிடத்துக்கு 120 அடி என்ற நடையில், அடிக்கு ஒருமுறை அசைய 2 ஹெர்ட்ஸ் போதும். பேஸ் ஒலியின் ஃபில்டரை இவ்வாறு தாளத்துக்கு அசைப்பதில் பிறந்ததே டப்ஸ்டெப் இசையின் 'வாபிள்'. இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மின்னிசைக் குழு ஒன்று தனக்கு எல்.எஃப்.ஓ. என்றே பெயரிட்டு, 1991இல் 'ஃப்ரீக்வென்சீஸ்' ஆல்பத்தை வெளியிட்டது.

வேகத்தைச் செவியெல்லைக்குள் ஏற்றினால் இயல்பே மாறிவிடும். 1967இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவ்னிங் கணினியில் வைப்ரேட்டோவை மிக வேகமாகவும் ஆழமாகவும் ஆக்கிப் பார்த்தார். ஒரு கட்டத்தில் சுருதியின் அசைவு காதுக்குத் தெரியவில்லை. புதிய மேற்சுரங்கள் சேர்ந்து ஒலியின் நிறமே மாறியிருந்தது. அந்தக் கண்டுபிடிப்பு எஃப்.எம். ஒலித்தொகுப்பாக வளர்ந்து, 1983இல் யமஹா டிஎக்ஸ்7 கருவியாக மேடைக்கு வந்தது. வைப்ரேட்டோவுக்கென அதிலும் தனியே ஓர் எல்.எஃப்.ஓ. வைத்திருந்தார்கள்.