பள்ளி, ஹள்ளி, அள்ளி

ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். முதலில் வருவது அத்திபெலே. சுங்கச்சாவடி, லாரி வரிசை, தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்கள் என எந்நேரமும் இரைச்சலாக இருக்கும் எல்லை ஊர். இங்கே மாநிலம் மாறுவதைப் பெயர்ப்பலகைகளின் கடைசி எழுத்துகளிலும் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பக்கம் பேகேப்பள்ளி, மோரனப்பள்ளி, பேடரப்பள்ளி. எல்லை தாண்டினால் யடவனஹள்ளி, கிட்டேனஹள்ளி. ஒரே சொல்தான், முதல் எழுத்து மட்டும் வேறு.

அத்திபெலே மட்டும் இந்தக் கணக்கில் வராது. முன்பாதியில் சிக்கல் இல்லை. அத்தி தமிழிலும் கன்னடத்திலும் ஒரே மரம். பின்பாதிதான் இடிக்கிறது. இன்றைய கன்னடத்தில் ‘பெலே’ என்றால் விலை. இங்கே மனை விலை ஏறியிருக்கும் ஏற்றத்துக்கு அது பொருத்தமே என்று ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்லிக்கொள்ளலாம். ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் அதை நினைத்திருக்க மாட்டார்கள். விளைச்சலைக் குறிக்கும் ‘பெளெ’ என்றும் கொள்ள முடியாது. எழுத்து லகரம், ளகரம் அல்ல. பக்கத்திலேயே இண்ட்லபெலே இருக்கிறது, ஹொஸகோட்டே தாலூக்கில் சூலிபெலே இருக்கிறது. ஆகவே இது இந்த வட்டாரத்தின் பழைய ஊர்ப்பெயர் விகுதி. அதற்கு மேல் இழுத்துப் பொருள் சொல்வது வம்பு. நம் சொல்லுக்கு வருவோம்.

‘பள்ளி’ தமிழில் மிகப் பழைய சொல். மதுரைக்கு அருகே மாங்குளம் குகைத்தளத்தில், நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழ்பிராமிக் கல்வெட்டில், ‘பளிஇய்’ என்று வெட்டியிருக்கிறது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வைத்தார். அங்கே அது சமணத் துறவியின் இருப்பிடம், பாறையில் செதுக்கிய படுக்கை. பிறகு சோழர் கல்வெட்டுகளில் சமண பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலம் ‘பள்ளிச்சந்தம்’ ஆயிற்று. இதை வைத்துக்கொண்டு, பள்ளி என்று முடியும் ஊரெல்லாம் ஒருகாலத்தில் சமணர் ஊர் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பள்ளிக்குத் தரும் பொருள்களில் சிற்றூரும் இடைச்சேரியும் உண்டு. படுக்கையும் துயிலும் உண்டு. பள்ளியறையிலும் பள்ளியெழுச்சியிலும் இருப்பது அந்தத் துயில்தான். தங்கிப் படுக்கும் இடம் என்பதே அடிப்படை. துறவி தங்கினால் மடம், மாட்டுக்காரன் தங்கினால் சேரி. தெலுங்கில் பல்லெ, பல்லி என்றும் கன்னடத்தில் ஹள்ளி என்றும் சிற்றூரைக் குறிப்பது இந்த இரண்டாவது வழி. மலையாளத்தில் மாதா கோயிலும் மசூதியும் ‘பள்ளி’. வங்காளத்திலும் கிராமத்துக்குப் ‘பல்லி’ என்றொரு சொல் புழங்குகிறது.

பகரம் ஹகரமானது கன்னடத்தின் தனிக்கதை. பத்தாம் நூற்றாண்டில் பாரதம் பாடிய பம்பனின் பழங்கன்னடத்தில் பகரம் அப்படியே நிற்கிறது. அடுத்த சில நூற்றாண்டுகளில் சொல் முதலில் வரும் பகரம் தளர்ந்து வெறும் மூச்சாகிவிட்டது. பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு, பொன் ஹொன்னு. பள்ளி ஹள்ளியானதும் இந்த வரிசையில்தான். மாட்டை அடைக்கும் பட்டி ‘ஹட்டி’ ஆனது; நீலகிரியில் படகர்கள் தங்கள் ஊரை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பெங்களூரு தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. அதில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள். அவற்றிலொன்று ஜலபள்ளி என்ற ஊரிலிருந்தும் விண்ணமங்கலத்து ஏரியிலிருந்தும் கோயிலுக்கு விட்ட வருமானத்தைச் சொல்கிறது. ஜலபள்ளி இன்றைய ஜாலஹள்ளி, விண்ணமங்கலம் பின்னமங்கலா. அப்படியானால் அந்தக் காலத்தில் ஜாலஹள்ளிக்காரர்கள் பகரத்தோடுதான் பேசினார்களா? அவசரப்படக் கூடாது. தமிழின் சொந்த எழுத்துகளில் ஹகரம் இல்லை. காதில் ஹள்ளி என்று விழுந்திருந்தாலும் தமிழ் அறிந்த கல்தச்சன் தனக்குப் பழகிய பள்ளியைத்தான் வெட்டியிருப்பான். இங்கே கல்வெட்டு ஊருக்குச் சாட்சி, உச்சரிப்புக்கு அல்ல.

சொல் இருக்கட்டும், ஹள்ளி என்ற ஊர் எப்படி இருந்தது? அத்திபெலே அடங்கிய ஆனேக்கல் தாலூக்குப் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. ஆகவே ஊரின் உயிர் ‘கெரே’, அதாவது ஏரி. கரைக்குக் கீழே நெல் விளையும் ‘கத்தே’, மேட்டில் ராகி போடும் ‘ஹொல’. மதகைத் திறந்து முறை வைத்துத் தண்ணீர் விடுபவர் ‘நீருகண்டி’. மாடு மேய ஊர்ப்பொதுவாக ‘கோமாள’, ஒரு பக்கம் மாவும் புளியும் நிற்கும் ‘குண்டுதோப்பு’. நடுவில் அரசமரமும் வேம்பும் சேர்ந்து நிற்கும் ‘கட்டே’. மேடையில் மஞ்சள் குங்குமம் அப்பிய நாகக்கற்கள், மாலையானால் பெரியவர்கள். ஏரிக்கு மதிப்பு அவ்வளவு இருந்ததால்தான் அதைச் சமுத்திரம் என்றார்கள். பொம்மசந்திரா, சிங்கசந்திரா, ஹொங்கசந்திரா எல்லாம் தேய்ந்த சமுத்திரங்கள், நிலாவோடு அவற்றுக்கு உறவில்லை. மூன்றும் இன்று மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் நிலையங்கள்.

ஹள்ளியில் பிறந்தவர் தன் ஊரை ஹள்ளி என்று சொல்வது அபூர்வம். பண்டிகைக்குப் புறப்படும்போது ‘ஊரிகே ஹோக்தீனி’ என்பார். ஹள்ளி என்பது பெரும்பாலும் வெளியாள் வைக்கும் பெயர், சில வாய்களில் கொஞ்சம் இளக்காரத்தோடும். இங்கிலாந்தில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அங்கே வேலியடைத்த பண்ணைக்குப் பெயரான ‘டூன்’ வளர்ந்து, நகரத்தைக் குறிக்கும் ‘டவுன்’ ஆகிவிட்டது. ஹள்ளிக்கு அந்த யோகம் இல்லை. பொம்மனஹள்ளியிலும் மாரதஹள்ளியிலும் மேம்பாலமே வந்துவிட்டது, சொல் மட்டும் இன்னும் கிராமம்தான். பத்திரம் எழுதும்போதும் அப்படியே: எத்தனை மாடி அடுக்ககமானாலும் முதலில் கிராமத்தின் பெயர், பிறகு அத்திபெலே ஹோபளி, பிறகு ஆனேக்கல் தாலூக்கு. (ஹோபளி என்பது நம்மூர் பிர்கா.)

வருவாய்ப் பதிவேட்டில் ‘பேச்சராக்’ என்று குறித்த கிராமங்களும் உண்டு. பாரசீகத்தில் ‘பே சிராக்’ என்றால் விளக்கு இல்லாதது. எல்லையும் சர்வே எண்ணும் இருக்கும், குடியிருப்பு இருக்காது. பஞ்சமோ கொள்ளைநோயோ துரத்தியிருக்கலாம், மக்கள் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்திருக்கலாம். வீடில்லாத ஹள்ளிக்கும் காகிதத்தில் உயிர் உண்டு.

தமிழ்நாட்டுப் பக்கத்துப் பள்ளிகளைப் பார்த்து, தமிழ்ச்சொல் அப்படியே நிலைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஓசூர்ப் பக்கத்துக் கொத்தகொண்டப்பள்ளியின் ‘கொத்த’ தெலுங்கில் புதியது. பள்ளியும் தெலுங்கின் வழியாக வந்ததுதான். தெலுங்கு பகரத்தை விடவில்லை. தமிழில் தனித்து நிற்கும் பள்ளியோ இன்று பிள்ளைகள் படிக்கும் இடம், அவ்வளவே. கன்னடத்து ஹள்ளி தருமபுரி மாவட்டத்துக்குள் வந்து இன்னொரு படி இறங்கிவிட்டது. மாரண்டஹள்ளி மாரண்ட அள்ளி ஆகிறது. பைசுஅள்ளி என்றே பலகை எழுதுகிறார்கள். பெங்களூருத் தமிழர் வாயில் மாரதஹள்ளி ‘மாரத்தள்ளி’. கன்னட நாக்கு பகரத்தை மூச்சாக்கியது, தமிழ் நாக்கு அந்த மூச்சையும் விழுங்கியது.

ஓசூரும் இப்படி வந்த பெயர்தான். தமிழின் ‘புது’வுக்கு உறவான சொல் பழங்கன்னடத்தில் ‘பொச’, பின்பு ‘ஹொச’. ஹொசூர் தமிழில் ஹகரம் உதிர்ந்து ஓசூரானது. பொருளில் அந்த ஊரும் ஒரு புத்தூர்தான்.