ஏழு ஆசனங்கள்

எமது அரசியல் பேச்சு எப்போதும் 1956இல்தான் தொடங்குகிறது. இரவு உணவகம் மூடியபின் கோப்பைகளை அடுக்கிவிட்டுப் பேசினாலும், மண்டபமெடுத்துக் கூட்டம் போட்டாலும் தனிச் சிங்களச் சட்டம், 1972 அரசியலமைப்பு, 1983 யூலை என்ற ஒழுங்கிலேயே வருகிறோம். 1948இல் நடந்ததை வேறு யாருடையதோ கதையாக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் உதவின. ஐக்கிய தேசியக் கட்சி பயந்தது இதற்குத்தான். காணியிழந்த கண்டிய விவசாயியின் கோபத்தை, காணியைப் பிடித்த துரையை விட்டுக் கொழுந்து பறிப்பவள் பக்கம் திருப்பிவிடுவதும் அவர்களுக்கு இலகுவாயிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பன் அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவரிடம் அந்தப் பத்திரம் எங்கே இருக்கும்? 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் எடுத்தார்கள். 1952 தேர்தலில் அம்மக்களால் ஒருவரைக்கூடப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப முடியவில்லை.

இத்தனைக்கும் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு அப்போது உயிரோடிருந்தது. ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டத்தை இயற்ற முடியாதென்று அது சொன்னது. வழக்கும் போனது. பிரசைகள் யாரென்று தீர்மானிப்பது சட்டசபைக்குரிய வேலை, இது பாரபட்சமல்ல என்று 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்தது. ஓரெழுத்தும் மாறாமலே 29ஆம் பிரிவு கோதாகிவிட்டது. 1972இல் தூக்கி எறிந்தது அந்தக் கோதைத்தான். 1982இல், பொதுத் தேர்தலை நடத்தாமல் சர்வசன வாக்கெடுப்பொன்றினால் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியபோது சிங்கள வாக்காளரின் தேர்தலும் போனது.

நாம் என்ன செய்தோம்? செல்வநாயகம் எதிர்த்தார். அவரும் சிலரும் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். இதை மறைக்க வேண்டியதில்லை. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலமோ 1948இலேயே டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்து, வாக்குரிமை போனபோதும் அங்கேயே இருந்தார். அவரை மட்டும் துரோகி என்று திட்டுவது எமக்கு வசதி. ஆனால் யாழ்ப்பாணத்து வீடுகளின் குசினியில் சட்டி கழுவியது மலையகத்துப் பிள்ளை. 'தோட்டக்காட்டான்' என்ற சொல் எங்கள் வீடுகளில்தான் புழங்கியது. 1931இல் வந்த சர்வசன வாக்குரிமையையே, அது வருமுன்னர் சேர். பொன். இராமநாதன் எதிர்த்தவர். கீழே ஒருவனை வைத்துப் பழகிய எமக்கு, அவனது வாக்குப் போனது எமது வாக்கும் போகும் வழியென்று தோன்றவில்லை.

2003இல் வந்த சட்டம்தான் நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை கொடுத்தது. 55 வருடங்கள்.

எங்களோடு வேலை செய்யும் நண்பரொருவர் இங்கு குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். தகப்பனின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் கேட்டிருக்கிறார்கள். அது வன்னியில் இடம்பெயர்ந்தபோது தொலைந்துபோனது. குசினியில் எல்லோரும் சேர்ந்து கோபப்பட்டோம். லயத்துக் கதை அன்று ஒருவர் வாயிலும் வரவில்லை.