படலை திறந்து வந்த தாதி

பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து கசங்கி வெளிவரும் கடிதங்களை எம்மிற் பலர் வாசிப்பதில்லை. ஆங்கிலம் ஒரு காரணம். இரண்டு வேலை செய்து களைத்து வீடு திரும்பும் உடல் மற்றொரு காரணம். பிள்ளையே வாசித்துச் சொல்ல, அது காட்டிய இடத்தில் கையொப்பமிட்டு அனுப்பி விடுகின்றோம். பாடசாலைச் சுகாதாரத் தாதி அனுப்பும் கடிதமும் இவ்வாறே போய்விடுகின்றது. ஆயினும் அக்கடிதத்திற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு, எம்மைப் போலவே நாடு விட்டு நாடு வந்த குடும்பங்களின் வீடுகளிலேயே தொடங்கியது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ருஷ்யப் பேரரசின் கொடுமைகளுக்குத் தப்பி வந்த யூதரும், வறுமைக்குத் தப்பி வந்த இத்தாலியரும் நியூயோர்க் நகரின் கீழ்க் கிழக்குப் பகுதியில் நெருக்கமாக வாழ்ந்தனர். அங்கே ஹென்றி வீதியில் சேவை இல்லம் அமைத்த லிலியன் வோல்ட் என்ற தாதி, 12 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியுள்ளார். தலையில் புண் இருந்தமையால், பாடசாலைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். தாயோ ஒரு கையில் அழும் குழந்தையை ஏந்தியபடி, மறு கையால் இறைச்சிக் கடைக்காரரின் மேலுடைகளைத் துவைத்துப் பிழைத்தவள். மருந்தகத்திற்குப் பலமுறை போயும் புண் ஆறவில்லை. களிம்பை முறையாகப் பூசக் கற்றுக்கொடுக்க ஒருவருமில்லை என்பதே குறை. வோல்ட் அதனைக் கவனித்தார். சிறுவன் வாழ்வில் முதன்முறையாக வகுப்பறைக்குள் சென்றான்.

1897 முதல் அந்நகரப் பாடசாலைகளுக்கு வைத்தியர்கள் வந்து பிள்ளைகளைப் பார்வையிட்டனர். கண்ணோய், சிரங்கு, படர்தாமரை, பேன் உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்பினர். வீட்டிலே என்ன செய்வதென்று பெற்றாருக்குச் சொல்வார் இல்லை. பகலில் விலக்கப்பட்ட பிள்ளை மாலையில் அதே தோழர்களுடன் தெருவில் விளையாடியது. நோயும் தீரவில்லை, படிப்பும் கெட்டது.

இந்நிலையில் 1902 ஒக்டோபர் 1ஆம் திகதி, நான்கு பாடசாலைகளில் ஒரு மாதப் பரீட்சார்த்தமாக லினா றொஜர்ஸ் என்ற தாதி நியமிக்கப்பட்டார். இவர் எமது ரொறன்ரோவின் சிறுவர் வைத்தியசாலையிற் பயின்றவர். சிறு நோய்களுக்குப் பாடசாலையிலேயே மருந்திட்டார். மாலையில் மாடிப்படிகள் ஏறி வீடு வீடாகச் சென்று தாய்மாருக்குச் செய்து காட்டினார். 1902 செப்டெம்பரில் 10,567 ஆக இருந்த விலக்கல்கள், மறு ஆண்டு செப்டெம்பரில் 1,101 ஆகக் குறைந்தன. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையே ஒருவர் நடந்தார், அவ்வளவே.

1910இல் ரொறன்ரோ கல்விச் சபை அவரை அழைத்துத் தனது தாதியருக்குத் தலைவியாக்கியது. அக்காலத்தில், இன்று நகர மண்டபமும் சிறுவர் வைத்தியசாலையும் நிற்கும் நிலப்பரப்பு ‘வார்ட்’ என அழைக்கப்பட்டது. அடிமைத்தளையினின்று தப்பி வந்த கறுப்பினத்தவர், பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் மக்கள், பின்னர் யூதர், இத்தாலியர், சீனர் என அகதிகள் ஒருவர் பின் ஒருவராய் ஒதுங்கிய இடம் அது. நகரச் சுகாதார வைத்திய அதிகாரி சார்ள்ஸ் ஹேஸ்டிங்ஸ் 1911இல் அங்குள்ள வீடுகளின் அவல நிலையை அறிக்கையாக வெளியிட்டார்.

அன்றைய தாதியர் குறையற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. வந்தேறியவரின் உணவையும் வழக்கங்களையும் இழிவாகக் கருதியோர் அவர்களிடையே இருந்தனர். தாய்மாரை அறியாதவர் என்றெண்ணி, மூத்த பெண் பிள்ளைகளுக்கே குழந்தை வளர்ப்பைப் போதித்து வீட்டுக்கு அனுப்பினர். பெற்றாருக்கும் அலுவலர்க்கும் நடுவே பிள்ளையை நிறுத்தும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

1917இல் பாடசாலைத் தாதியர் சேவை கல்விச் சபையிடமிருந்து நகரச் சுகாதாரப் பகுதிக்கு மாறியது. அங்கே தாதியர் பிரிவை நடத்திய யூனிஸ் டைக்கின் கொள்கை எளிமையானது. கைக்குழந்தைக்கு ஒரு தாதி, காசநோயாளிக்கு வேறொரு தாதி, மாணவனுக்கு இன்னொருவர் எனப் பலர் ஒரே கதவைத் தட்டலாகாது; ஒரு வட்டாரத்துக் குடும்பங்களை ஒரே தாதி முழுமையாக அறிந்திருக்க வேண்டும் என்பதே அது.

அந்த நெருக்கத்தின் பயன் விரைவில் தெரிந்தது. 1920களில் தொண்டைக்கரப்பன் சிறுவரைக் கொன்றுகொண்டிருந்தது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் கொனோட் ஆய்வுகூடம் தயாரித்த தடுப்பூசி, இந்நகரப் பாடசாலைப் பிள்ளைகள் ஏறத்தாழ 36,000 பேரைக் கொண்ட ஆய்விற் பரிசோதிக்கப்பட்டது. ஊசி பெற்றவரிடையே நோய் பெருமளவு குறைந்தது. பெற்றார் நம்பித் தம் பிள்ளைகளை ஒப்படைத்திராவிடின் இது கைகூடியிராது.

இன்று நாம் காணும் நிலை வேறு. ஒவ்வொரு பாடசாலையிலும் நாள் முழுவதும் இருக்கும் தாதி இல்லை. வீட்டுக்கு அவர் வருவதும் அரிது. அவருக்குப் பதிலாகக் கடிதமே வருகின்றது. 1982இன் ஒன்ராறியோச் சட்டத்தின்படி, தொண்டைக்கரப்பன், ஏற்புவலி, இளம்பிள்ளைவாதம், சின்னமுத்து முதலிய நோய்களுக்கு எதிரான தடுப்பூசி விபரத்தைச் சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்க வேண்டியவர் பெற்றாரே. குடும்ப வைத்தியர் ஊசி ஏற்றிவிட்டார் என்பது மட்டும் போதாது. விபரமோ உரிய விலக்குப் பத்திரமோ கிடைக்காவிடின் பிள்ளையை 20 பாடசாலை நாட்கள் வரை இடைநிறுத்தச் சட்டம் இடமளிக்கின்றது. இடப்பெயர்வில் சுகாதார அட்டையை இழந்தவர்கள் எம்மிற் பலர். அவர்கள் மறைந்திருத்தல் வேண்டியதில்லை. தாதியிடமோ வைத்தியரிடமோ உள்ளதைச் சொன்னால் வழி பிறக்கும். பெற்றாரின் குடிவரவு நிலையைக் காரணங்காட்டிப் பிள்ளைக்குப் பாடசாலை அனுமதி மறுத்தலும் இங்கு சட்டத்திற்கு முரணானது.

பெற்றார் பேசினால் சட்டமே மாறும் என்பதற்கும் இம்மாகாணத்திற் சான்றுண்டு. 2003இல் உணவு ஒவ்வாமையால் இறந்த சப்ரினா என்ற சிறுமியின் பெயரிலும், 2012இல் தொய்வு நோயால் பாடசாலையில் இறந்த றயன் என்ற சிறுவனின் பெயரிலும் இரு சட்டங்கள் உள்ளன. இரண்டையும் கேட்டுப் போராடியவர்கள் அவர்களின் தாய்மார். தொய்வுள்ள மாணவன் தன் மருந்துக் குழலைத் தன்னுடனேயே வைத்திருக்கும் உரிமை 2015இல் அவ்வாறு கிடைத்ததே.

எமக்கு இது புதிய பாடமன்று. ஊரிலே மருத்துவமாது படலை திறந்து உள்ளே வந்து, திண்ணையில் அமர்ந்து, குழந்தையின் நிறையையும் தாயின் சுகத்தையும் விசாரித்ததை மூத்தோர் அறிவர். அவருடன் எம் மொழியிற் பேசினோம். இங்கும் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்பதில் வெட்கமில்லை. பத்து வயதுப் பிள்ளையைத் தன் நோய்க்குத் தானே மொழிபெயர்ப்பாளராக்குவதுதான் தவறு. பயத்தையும், தூக்கமின்மையையும், போரின் கனவுகளையும் அப்பிள்ளை எமக்கோ தாதிக்கோ முழுமையாக மொழிபெயர்க்காது.

ஆகவே இன்றிரவு பிள்ளையின் பையைத் திறந்து பார்ப்போம். உள்ளே ஒரு கடிதம் இருந்தால், படலையடியில் ஒருவர் காத்து நிற்கிறார் என்றே கொள்வோம்.