பதிவேடும் மாணவரும்: பேத்தமங்களா – கோலார் தங்கவயல் வட்டார வரலாற்றின் ஒளியில் கல்வித் தகவல் தொழில்நுட்பமும் அந்தரங்க உரிமையும்

முன்னுரை

கல்வித்துறையில் தகவல் தொழில்நுட்பம் புகுந்த பின்னர் மாணவர் பற்றிய செய்திகள் தலைமையாசிரியர் அறையின் அலமாரியிலிருந்து தொலைவிலுள்ள தரவுத்தளங்களுக்கு இடம்பெயர்ந்துள்ளன. இம்மாற்றத்தை நிருவாக வசதியாகக் காண்போர் பலர். அறவியல் சிக்கலாகக் காண்போர் சிலர். பின்னவரும் பெரும்பாலும் அண்மைக்காலச் சட்டங்களையும் மேலைநாட்டுச் சிந்தனைகளையும் துணைகொண்டே வாதிடுகின்றனர். ஆயின், ‘என்னைப் பற்றிய பதிவு யாரிடம் இருக்கும்? அது எதற்குப் பயன்படும்?’ என்னும் வினா தமிழ் உழைப்பாளர்க்குப் புதியதன்று. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் 1930ஆம் ஆண்டிலேயே இவ்வினாவை எழுப்பி வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வரலாற்றை நினைவிற்கொண்டு, அவ்வட்டாரப் பள்ளி மாணவர்தம் இன்றைய கணினிப் பதிவுகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களம்

பேத்தமங்களா, கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் அமைந்த ஊர். கல்வெட்டுகளில் விசயாதித்தமங்கலம் என வழங்கப்பெற்ற பழமையுடையது. இங்குள்ள பெரிய நீர்த்தேக்கமே தங்கவயலுக்கு நீர் வழங்கியது. எனவே சுரங்க நகரின் வரலாற்றைப் பேத்தமங்களாவிலிருந்து பிரித்துக் காண இயலாது.

1880ஆம் ஆண்டளவில் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்குச் சுரங்கத்தொழிலில் இறங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழரும் தெலுங்கரும் குடிபெயர்ந்தனர். இவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதியர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956இல் மைசூர் அரசும் 1962இல் நடுவணரசும் சுரங்கங்களை ஏற்றன. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கப்பணி முடிவுற்றது. வேலையிழந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி ஒன்றே எஞ்சிய முதலாயிற்று. நாள்தோறும் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர் பலரை இன்றும் இங்குக் காணலாம். இம்மக்களின் பள்ளிப் பதிவு அவர்தம் வாழ்வாதாரத்தோடு பிணைந்தது என்பது இதனால் பெறப்படும்.

கைரேகையும் தமிழரும்

கைரேகையை நிருவாகக் கருவியாக்கும் முயற்சி இந்திய மண்ணில் தொடங்கியது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பந்தக்காரரின் கைப்பதிவைப் பெற்றார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் நிறுவப்பெற்றது. ஒப்பந்தத்தில் கையொப்பத்திற்குத் துணையாக வந்த பதிவு, நாளடைவில் குற்றவாளியை அடையாளங்காணும் பதிவாயிற்று. ஒரு நோக்கத்திற்காகத் திரட்டப்பெறும் கருவி வேறொரு நோக்கத்திற்கு நகரும் இயல்பினது என்பதற்கு இதுவே முதற்சான்று.

தமிழர் வரலாற்றில் இக்கருவி மூன்று இடங்களில் எதிர்ப்பைச் சந்தித்தது. முதலாவது, தென்னாப்பிரிக்காவின் திரான்ஸ்வால் பகுதியில் 1906 முதல் ஆசியர்மீது சுமத்தப்பட்ட கட்டாயப் பதிவு. அதனை எதிர்த்த போராட்டத்தில் தமிழர் பெரும்பங்கு கொண்டனர். இரண்டாவது, மதுரை வட்டாரத்தில் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பிரமலைக் கள்ளர் சமூகத்தினரின் ரேகையைப் பதியும் முயற்சி. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்தோர்மீது துப்பாக்கிச்சூடு நிகழ்ந்து பலர் உயிரிழந்தனர். மூன்றாவது, கோலார் தங்கவயல்.

பெருங்காமநல்லூர் நிகழ்வு கல்வி வரலாற்றோடும் தொடர்புடையது. பதிவுக்கு உட்படுத்தப்பட்ட அதே சமூகத்தினர்க்காகவே கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் பின்னர் நடத்தப்பெற்றன. அப்பள்ளிகள் பல தலைமுறையினர்க்கு எழுத்தறிவு தந்தன, அந்நன்மை மறுக்கத்தக்கதன்று. எனினும் நலத்திட்டமும் கண்காணிப்பும் ஒரே நிருவாகத்தின் இருகைகளாக இயங்கக்கூடும் என்பதை அவ்வரலாறு உணர்த்துகிறது.

1930ஆம் ஆண்டு வேலைநிறுத்தம்

தங்கவயலில் தொழிலாளர் மீதான கண்காணிப்பு தொடக்கம் முதலே கடுமையானது. தங்கத் திருட்டைத் தடுப்பது என்னும் காரணம் காட்டி உடற்சோதனை நடைபெற்றது. எண் பொறித்த காப்பினைக் கையில் அணியும் முறையும் இருந்தது. இந்நிலையில் 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பெற்றுப் பதிவு செய்யும் திட்டம் கொண்டுவரப்பட்டது. அதனை எதிர்த்து மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களின் தொழிலாளர் பெருந்திரளாக வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

இவ்வெதிர்ப்பை அறியாமையின் விளைவென்று கருதுதல் பிழையாகும். கைரேகை குற்றவாளிக்கு உரியது என்னும் மான உணர்வு அதில் இருந்தது. அதனினும் ஆழமான நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. தாள் பதிவேடு ஒரு சுரங்கத்தோடு நின்றுவிடும். மேற்பார்வையாளரோடு பிணங்கி ஒரு சுரங்கத்திலிருந்து விலக்கப்பட்டவர் ஊருக்குச் சென்று திரும்பி, வேறொரு பெயரில் வேறொரு சுரங்கத்தில் வேலை பெறலாம். பெயரை மாற்றலாம், ரேகையை மாற்றவியலாது. எல்லாச் சுரங்கங்களையும் இணைக்கும் ரேகைப் பதிவு, புதிதாகத் தொடங்கும் வாய்ப்பை அடைத்துவிட வல்லது. ஆகவே தொழிலாளர் காத்துக்கொள்ள முயன்றது மறுதொடக்கத்திற்கான உரிமையை எனலாம். இன்றைய அறவியலார் ‘மறக்கப்படும் உரிமை’ எனக் குறிப்பதன் உட்பொருளும் இதுவே.

பள்ளிப் பதிவேட்டின் இயல்பு

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப் பின் மானியம் பெறும் பள்ளிகள் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டன. வருகைப் பதிவேடும் சேர்க்கைப் பதிவேடும் இன்றியமையாதன ஆயின. அப்பதிவுகளின் முதன்மை நோக்கம் பள்ளியைச் சோதிப்பதாகும். மாணவனின் பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், சாதி ஆகியவை அவற்றில் இடம்பெற்றனவெனினும், அவை அப்பள்ளியின் எல்லையைக் கடப்பது அரிது. மாற்றுச் சான்றிதழ் ஒன்றே வெளியே செல்லும். ஐந்தாம் வகுப்பில் தோற்றவன், ஆசிரியரால் தண்டிக்கப்பட்டவன், கட்டணம் கட்ட இயலாது நின்றவன் ஆகியோர் வேறு பள்ளியில் புதியவராகச் சேர இயன்றது. தாளின் குறைபாடாகத் தோன்றிய இதுவே குழந்தைக்கு ஒரு காப்பாகவும் அமைந்தது.

கணினிப் பதிவுகள்

கர்நாடகப் பள்ளி மாணவர் இன்று மாணவர் சாதனைக் கண்காணிப்பு அமைப்பு என்னும் மாநிலத் தரவுத்தளத்தில் பதியப்படுகின்றனர். தேசிய அளவில் யூடைஸ் பிளஸ் அமைப்பு 2022–23 முதல் பள்ளிவாரிக் கணக்கோடு நில்லாது மாணவர்வாரித் தகவலையும் திரட்டுகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக்கொள்கையைத் தொடர்ந்து, 2023 முதல் ‘அபார்’ எனப்படும் வாழ்நாள் மாணவர் எண் வழங்கப்பட்டு வருகிறது. இது ஆதார் எண்ணோடு தொடர்புடையது.

இவற்றின் நன்மைகளைக் குறைத்து மதிப்பிடலாகாது. இடைநின்ற மாணவரைக் கண்டறியவும், உதவித்தொகை உரியவரைச் சென்றடையவும், சான்றிதழ்களை அலைச்சலின்றிப் பெறவும் இவை துணைபுரியும். வேலை தேடிப் பெற்றோர் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்கள் மிகுந்த தங்கவயல் வட்டாரத்திற்கு இவை தேவையே. ஆயின், 1930இல் சுரங்கங்களை இணைத்த பதிவு எத்தகைய அச்சத்தை எழுப்பியதோ, பள்ளிகளை இணைக்கும் பதிவும் அத்தகைய அச்சத்தை எழுப்புவது இயல்பு. ஒரு சிறுமியின் தேர்ச்சியும் தோல்வியும் வருகையும் சாதியும் ஒரே எண்ணின் கீழ் வாழ்நாள் முழுதும் தொடருமாயின், பிற்காலத்தில் அதனைக் காண்போர் யாவர் என்னும் வினாவுக்கு விடை தேவைப்படுகிறது. ஒடுக்கப்பட்ட சாதியினர்க்குச் சாதிப் பதிவு உதவித்தொகையின் திறவுகோல். அதே பதிவு தகாதோர் கையிற் சிக்கின் இழிவுபடுத்தும் கருவியாகும்.

இவ்வச்சம் கற்பனையன்று. 2017இல் தொடங்கப்பெற்ற ‘தீக்ஷா’ என்னும் நடுவணரசின் கற்றல் செயலியின் சேமிப்பகம் ஒன்று போதிய பாதுகாப்பின்றி இருந்தமை 2023 ஜனவரியில் வெளிவந்தது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆசிரியரின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவையும் ஏறத்தாழ ஆறு இலட்சம் மாணவர் பற்றிய செய்திகளும் வெளியார் காணும் நிலையில் இருந்தன. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளில் பயன்பட்ட 164 கல்வித் தொழில்நுட்பச் சாதனங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 89 விழுக்காடு குழந்தைகளின் உரிமையை மீறியன அல்லது மீறும் வாய்ப்புடையன என அது கண்டது. 2025இல் கர்நாடக அரசுப் பள்ளிகளில் முகமறிதல்வழி வருகைப்பதிவு கொண்டுவரும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது கல்வியாளரும் உரிமை ஆர்வலரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ரேகையைப் போன்றே முகமும் மாற்றவியலாதது. கடவுச்சொல் திருடப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம், முகம் அவ்வாறன்று.

ஒப்புதல் என்னும் சிக்கல்

அபார் எண் கட்டாயமன்று, பெற்றோர் ஒப்புதலின் பேரிலேயே வழங்கப்படும் என்பது அரசின் நிலைப்பாடு. ஒப்புதலின் பொருளை விளங்கிக்கொள்ளத் திரான்ஸ்வால் வரலாறு உதவுகிறது. கட்டாயப் பதிவை எதிர்த்த காந்தியடிகள், 1908 தொடக்கத்தில் அமைச்சர் ஸ்மட்ஸோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி விருப்பப் பதிவுக்கு இசைந்தார். கட்டாயத்தின் பேரில் தருவது இழிவு, விருப்பத்தின் பேரில் தருவது இழிவன்று என்பது அவர் கருத்து. இதனை ஏற்காத தம் மக்களுள் சிலரால் தாக்கவும் பட்டார். பின்னர்க் கட்டாயச் சட்டம் நீக்கப்படாமையால், அவ்வாண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் ஜொகானஸ்பர்க்கில் ஆயிரக்கணக்கான பதிவுச் சான்றிதழ்கள் தீயிலிடப்பட்டன. ஒப்புதல் தந்தவர்க்கு அதனைத் திரும்பப் பெறும் உரிமையும் இருத்தல் வேண்டும் என்பதே அந்நிகழ்வு தரும் பாடம்.

பேத்தமங்களா போன்ற ஊர்களில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. இங்கு வீட்டுமொழி தமிழாகவோ தெலுங்காகவோ இருக்கலாம்; அலுவல்மொழி கன்னடமும் ஆங்கிலமும் ஆகும். தாம் படிக்கவியலாத படிவத்தில் பெற்றோர் இடும் கையொப்பம் முழுமையான ஒப்புதல் ஆகாது. பள்ளியில் இடம் கிடைக்குமோ, உதவித்தொகை நின்றுவிடுமோ என்னும் அச்சத்தில் இடும் கையொப்பமும் அத்தகையதே.

சட்டம் வகுத்த எல்லை

இந்திய அந்தரங்க உரிமை வரலாற்றில் கர்நாடகத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி 2012இல் ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 26ஆம் நாள் வெளிவந்த ஆதார் தீர்ப்பு, பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமாகாது என்றது. குழந்தையைப் பதியப் பெற்றோர் இசைவு வேண்டும், பதியப்பட்ட குழந்தை வயது நிறைந்தபின் விலகிக்கொள்ளும் வாய்ப்பு வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவுக்குச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலை வேண்டுகிறது. குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களை இலக்காகக் கொண்ட விளம்பரத்தையும் தடுக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் முதன்மையான கடமைகள் பதினெட்டுத் திங்கள் கழித்தே நடைமுறைக்கு வருவன. கல்விப்பணிக்காகவும் குழந்தையின் பாதுகாப்பிற்காகவும் மேற்கொள்ளும் கண்காணிப்புக்குக் கல்வி நிறுவனங்கட்கு விலக்கு தரப்பட்டுள்ளது. அவ்விலக்கின் எல்லையைப் பள்ளிகள் எவ்வாறு பொருள்கொள்ளும் என்பதிலேயே மாணவர்தம் உரிமை அடங்கியுள்ளது.

முடிவுரை

பதிவேடு தன்னளவில் தீயதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதோர் மீண்டும் பொறுப்பேற்கத் தகுதியற்றோர் என விதித்தது. அங்குப் பதிவு அதிகாரம் உடையோரைக் கட்டுப்படுத்தியது. கோயிற்சுவரில் அனைவரும் காண நின்றது. சுரங்கப் பதிவோ அதிகாரம் அற்றோரைக் கட்டுப்படுத்தியது. அவர்கள் காணவியலாத இடத்தில் இருந்தது. ஒரு பதிவு அறவழிப்பட்டதா என்பதை, அது யாரை யாருக்கு விடைசொல்ல வைக்கிறது என்பதைக் கொண்டே துணியலாம்.

அவ்வகையில் மாணவர் பதிவுகள் நான்கு நெறிகளுக்கு உட்படுதல் வேண்டும். திரட்டிய நோக்கத்தைக் கடந்து அவை பயன்படலாகாது. பெற்றோர் தம் மொழியில் அவற்றைப் படித்தறிய இயலவேண்டும். தவறான பதிவைத் திருத்தவும் ஒப்புதலைத் திரும்பப் பெறவும் எளிய வழி உள்ளூரிலேயே இருத்தல் வேண்டும். பள்ளிப்பருவத்துத் தோல்விகள் குறித்த காலத்திற்குப் பின் நீக்கப்படல் வேண்டும்.

தம் பாட்டனார் எந்தப் பதிவை எதிர்த்து வேலையையும் கூலியையும் துறந்து நின்றனரோ, அதனினும் விரிந்த பதிவுக்குள் தங்கவயல் வட்டாரத்துப் பிள்ளைகள் இன்று பள்ளியில் சேரும் நாளிலேயே நுழைகின்றனர். அவர்களுக்குக் கணினியை இயக்கக் கற்பிக்கும் பாடத்திட்டம், 1930இன் வரலாற்றையும் கற்பித்தல் தக்கது.