கம்ப்யூட்டர்கள் நடத்திய குடவோலை

உத்திரமேரூர்னு சொன்னதும் குடவோலைதான் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்லுது: வயது 35-லிருந்து 70-க்குள் இருக்கணும், சொந்த மனையில் வீடு இருக்கணும், முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகக் கூடாது.

நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்களும் ஒருகாலத்தில் தேர்தல் நடத்தின, தெரியுமா? 1992-ல் வந்த 'விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்' காலத்து ஏற்பாடு அது. ஒரே நெட்வொர்க்கில் உள்ளவை தங்களுக்குள் ஒரு தலைமைக் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுக்கும். 'மாஸ்டர் பிரவுசர்'னு பேர். இங்கேயும் தகுதி உண்டு: சர்வருக்கு முன்னுரிமை, தகுதி சமம்னா, அதிக நேரமா ஓடிக்கிட்டிருப்பது ஜெயிக்கும். ஊர்ப் பட்டியல் அதன் கையில்.

இந்த ஏற்பாடு 'எஸ்எம்பி 1' என்ற பழைய நெறிமுறையை நம்பியிருந்தது. 2017 மே 12-ல் 'வானாக்ரை' பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். சுமார் 150 நாடுகள். ஆந்திரக் காவல்துறைக் கம்ப்யூட்டர்களும் தப்பலை. அந்த அக்டோபர் முதல் விண்டோஸ் 10 எஸ்எம்பி 1-ஐ ஒதுக்கத் தொடங்கியது. கூடவே தேர்தலும் போச்சு.

அதனால்தான் கேபிள் சரி, ரவுட்டர் சரி, ஆனா பக்கத்து அறைக் கம்ப்யூட்டர் பட்டியலில் இல்லைங்கிற நிலை வந்தது. உடனே எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஆன் பண்ணச் சொல்லுவாங்க. பண்ணாதீங்க, திருடன் வந்த கதவு அது.

இரண்டு கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக்கி, 'நெட்வொர்க் டிஸ்கவரி'யை ஆன் பண்ணுங்க. 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' சர்வீஸ் ஆட்டோமேட்டிக்கில் இருக்கட்டும். இப்போ தலைவர் கிடையாது; 'நான் இருக்கேன்'னு ஒவ்வொன்றும் தானே சொல்லணும். சொல்ல வைப்பது அந்த சர்வீஸ்தான்.