தோண்டுகருவிகளின் வரலாறு: பல்லாவரம் முதல் வண்டலூர் வரை

மண்ணைத் தோண்டவும் வெட்டவும் கிளறவும் பயன்படும் கைக்கருவிகள் தோண்டுகருவிகள் எனப்படும். கடப்பாரை, மண்வெட்டி, பிக்காசு, களைக்கொட்டு ஆகியவை தமிழகத்தில் இன்றும் வழக்கில் உள்ளவை. தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூர், ஊரப்பாக்கம், நெடுங்குன்றம் பக்கங்களில் மனை வாங்கி, வீட்டை ஒட்டிக் கொஞ்சம் கீரையும் கத்தரியும் போட நினைப்பவர்கள் பலர். அவர்கள் முதலில் கேட்பது, 'என்ன கருவி வாங்கலாம்?' என்பதே. இந்தக் கேள்விக்கு இந்த வட்டாரத்தின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. கருவியைத் தீர்மானிப்பது மண். அந்த மண்ணை அறிந்தவர்களோ பெரும்பாலும் நிலம் இல்லாதவர்கள்.

கற்கருவி

1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட், பல்லாவரத்தில் படையினரின் அணிவகுப்புத் திடலில் சரளை எடுக்க வெட்டப்பட்டிருந்த ஒரு குழியில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு இந்த நாளிலிருந்து தொடங்குகிறது. பூட் திரட்டிய கருவிகளைப் பின்னர் சென்னை அரசு அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. அக்காலத்துக் கைக்கோடரி ஒரே வேலைக்கானது அன்று. வெட்டவும் கீறவும் கிழங்கு தோண்டவும் அதுவே உதவியது.

கண்டெடுத்தவர் பெயரை நாம் அறிவோம். அந்தக் குழியை வெட்டியவர்கள் யாரென்று கேட்பாரில்லை. அவர்கள் கடப்பாரையால் குத்திய அதே செஞ்சரளை மண்தான் இன்று பல்லாவரத்துக்குத் தெற்கே பல மனைகளில் ஓரடி ஆழத்திலேயே எதிர்ப்படுகிறது. மலையடிவாரத்தில் சரளை, ஏரியின் கீழே களிமண் என்று, ஒரே ஊருக்குள்ளேயே நிலம் மாறுவது இப்பகுதியின் இயல்பு.

இரும்பு வந்த பிறகு

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழக அரசு 2025 சனவரியில் அறிவித்தது. ஆதிச்சநல்லூர் அகழாய்வில் வாள், ஈட்டிகளோடு இரும்பு மண்வெட்டிகளும் கிடைத்தன. வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்திலும் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உள்ளன. புதிய பேருந்து முனையத்துக்கு அருகிலேயே அந்தப் பாதுகாக்கப்பட்ட இடம் இருக்கிறது.

தொண்டை மண்டலத்தின் கருவிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நல்ல சான்று பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது அது. அதில் மூன்று கருவிகள் வருகின்றன. எயிற்றியர் இரும்பு முனை கட்டிய கோலால் கரம்பை நிலத்தைக் கிளறி, எறும்புகள் சேர்த்துவைத்த புல்லரிசியை எடுக்கிறார்கள். உழவரின் கலப்பை பெண் யானையின் வாய்போல வளைந்தும், கொழு உடும்பின் முகம்போலவும் இருக்கிறது. களை எடுக்கத் துளர் என்னும் சிறு கருவி. இறுகிய நிலத்துக்குக் கோல், உழுநிலத்துக்குக் கொழு, களைக்குத் துளர் என்ற இந்தப் பகுப்பு இன்றும் மாறவில்லை. அந்த இரும்புமுனைக் கோலின் வேலையைத்தான் இப்போது கடப்பாரை செய்கிறது.

மண்வெட்டியும் மம்மட்டியும்

1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பார்னார்டு செங்கல்பட்டுச் சீமையில் ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலம், வீடு, விளைச்சல் விவரங்களைத் திரட்டினார். ஊர்க் களத்தில் குவிந்த நெல்லில் கணக்கருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் உரிய பங்கு ஒதுக்கப்பட்டதை அக்காலக் கணக்குகள் காட்டுகின்றன. அதாவது, கருவி கடையில் வாங்கும் சரக்காக இருக்கவில்லை. கொல்லர் ஊரிலேயே இருந்தார். ஊர் மண் அவருக்குத் தெரியும். தேய்ந்த அலகை உலையில் காய்ச்சி அடித்துத் தருவது அவர் கடமை.

பேச்சுவழக்கில் மம்மட்டியான மண்வெட்டி ஆங்கிலத்துக்கும் போனது. 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதைக் குறித்து, தமிழ் மூலத்தையும் தருகிறது. ஆங்கிலேயருக்குத் தனிச்சொல் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. அவர்கள் நாட்டு மண்வாரி, காலணி அணிந்த பாதத்தால் மிதித்து இறக்குவது. நம் மண்வெட்டியோ ஓங்கி வெட்டித் தன்பக்கம் இழுப்பது. சேற்றில் வெறுங்காலோடு நிற்பவருக்கு ஏற்றது இதுதான். வரப்பு கட்டவும் மடை திறக்கவும் பாத்தி பிடிக்கவும் இது ஒன்றே போதும். 1877-78 பஞ்சத்தின்போது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதை வெட்டியவர்கள் பசித்த மக்கள்.

சைதாப்பேட்டைப் பண்ணை

ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1865-இல், சைதாப்பேட்டையில் அரசுச் சோதனைப் பண்ணை தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்த இரும்புக் கலப்பைகளையும் பிற கருவிகளையும் நம் உழவருக்குக் காட்டுவது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் அவை பரவலாக ஏற்கப்படவில்லை. நம் சிறிய மாடுகளுக்கு அவை பாரம், விலை அதிகம், பழுதானால் ஊர்க் கொல்லரால் சரிசெய்வதும் கடினம். 1889-இல் இந்தியா வந்து வேளாண்மையை ஆராய்ந்த ஜான் அகஸ்டஸ் வோல்க்கரும், அன்றைய நிலையில் புதுக் கருவிகளுக்கு அதிக இடமில்லை என்ற முடிவுக்கே வந்தார். பண்ணையை ஒட்டி எழுந்த வேளாண் பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து, பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

நிலம் கிடைத்தவர்கள்

கருவியை ஏந்தியவர்களுக்கு நிலம் உண்டா என்பது அடுத்த கேள்வி. செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலம் மிராசுதாரர் வசம் இருந்தது. மண்வெட்டி ஒடுக்கப்பட்ட மக்களின் கையில் இருந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் அவர்களின் நிலைமையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணைப்படி, தரிசு நிலங்கள் அம்மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. இவையே பஞ்சமி நிலங்கள். தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலை வெட்டிய ஒருவர், தமக்கென்று ஒரு துண்டு நிலத்தைத் திருத்த முதன்முறையாகக் கடப்பாரையைத் தூக்கியிருப்பார். கிடைத்தது தரிசு, ஆகவே கலப்பைக்கு முன்னால் கடப்பாரைதான் தேவைப்பட்டிருக்கும். அந்நிலங்களில் பல பிற்காலத்தில் கைமாறிப்போயின. அவற்றை மீட்கும் கோரிக்கை இன்றும் ஓயவில்லை.

இன்றைய தேர்வு

புது மனையில் கருவி வாங்குமுன் ஓரடிக் குழி ஒன்றை வெட்டிப் பார்ப்பது நல்லது. சரளையோ கட்டடச் சிதைவோ தென்பட்டால் கடப்பாரையே முதல் கருவி. தன்னால் தொடர்ந்து பத்து முறை தூக்கிக் குத்த முடிகிற எடையில் அது இருக்கவேண்டும். முந்தின மாலையில் நீர் விட்டு, மறுநாள் காலையில் வெட்டினால் வேலை பாதியாகும். ஏரியடிக் களிமண்ணானால் ஈரம் சற்றே உலர்ந்த பின்பு வெட்டவேண்டும். இல்லாவிட்டால் அலகில் ஒட்டிக்கொள்ளும். மண் இளகிய பிறகு மண்வெட்டி, செடி வந்த பிறகு களைக்கொட்டு. இந்த மூன்றும் போதும்.

மண்வெட்டியின் அலகைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கவேண்டும். மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கலாம். காம்பில் கணுவோ வெடிப்போ கூடாது. வேலைக்கு முன் ஆப்பு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

ஊர்க் கொல்லரின் உலை இப்பகுதியில் அரிதாகிவிட்டது. ஆனால் வயல்கள் மனைகளாவதற்கு முன்பு அங்கே நட்டும் களையெடுத்தும் கூலி வாங்கிய பெரியவர்கள் பழைய தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். மனை எந்த ஏரியின் பாசனத்தில் இருந்தது, எந்தப் பக்கம் பாறை, எந்தப் பக்கம் களி என்பது அவர்களுக்குத் தெரியும். கருவி வாங்கக் கடைக்குப் போகும் முன் அவர்களில் ஒருவரைக் கேட்பது நலம். சைதாப்பேட்டையில் அன்று கேட்கத் தவறியதும் அவர்களைப் போன்றவர்களைத்தான்.