தார், மணல், சேறு: சித்தாண்டி வட்டைகளும் சில்லுப் பிடிமானத்தின் வரலாறும்

மட்டக்களப்பிலிருந்து ஏ-15 வீதியில் வடக்கே போனால், வந்தாறுமூலை, மாவடிவேம்பு தாண்டி வருவது சித்தாண்டி. முருகன் கோயிலால் பேர்பெற்ற இந்த ஊரில் பிரதான வீதி தார். சந்தனமடு ஆற்றங்கரை மணல். வயல் வட்டைகள் களிமண் சேறு. பெரும்போகக் காலத்தில் ஓர் உழவு இயந்திரம் ஒரே நாளில் இந்த மூன்று தரையிலும் ஓடவேண்டி வரும். ஒன்றில் வண்டியை நன்றாக இழுக்கும் சில்லு மற்றொன்றில் வீணாகச் சுழலும். இந்த முரணை மனிதர் எப்படிப் படிப்படியாக விளங்கிக்கொண்டனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பந்தயக் காரின் வேகத்தை வளர்த்த கேள்வியும் வட்டை உழவை மாற்றிய கேள்வியும் ஒன்றே, தரை மாறியதால்தான் விடைகள் பிரிந்தன என்பது இதன் வாதம்.

பிடிமானத்தின் கணக்கு

எஞ்சின் எத்தனை குதிரைவலு கொண்டதாயினும், சில்லு தரையைப் பின்தள்ளும் அளவுக்கே வண்டி முன்செல்லும். காய்ந்த தார் வீதியில் சாதாரண டயரின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.8. நான்கு சில்லுகளும் இழுக்கும் காரில் முழுப் பாரமும் பிடிமானத்துக்குப் பயன்படும். அதன் ஆர்முடுகல் அதிகபட்சம் செக்கனுக்குச் செக்கன் 7.8 மீற்றர், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டக் குறைந்தது மூன்றரைச் செக்கன் வேண்டும். பாரத்தில் பாதியைத் தாங்கும் இரண்டு சில்லுகள் மட்டும் இழுத்தால் அது ஏழு செக்கனாகும். புறப்படும்போது பாரம் பின்னே சாய்வதால் பின்சில்லு இழுவைக்குச் சற்றுச் சாதகம் உண்டு. எப்படியாயினும் எல்லையை வகுப்பது தரைதான்.

இதனால்தான் பந்தயக்காரர் டயரின் மேல் கவனம் வைத்தனர். 1950களில் அமெரிக்க நேர்கோட்டுப் பந்தயங்களில் வரிப்பள்ளமே இல்லாத மழமழப்பான அகல டயர்கள் வந்தன; 1971இல் பார்முலா ஒன் பந்தயத்துக்கும் அவை வந்து சேர்ந்தன. பள்ளம் இல்லாவிட்டால் தார் மீது படியும் இறப்பர் கூடும். புறப்படுமுன் சில்லை நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகை எழுப்புவது, இறப்பரைச் சூடாக்கி ஒட்டுந்தன்மை ஏற்றத்தான். மழையில் இதே டயர் ஆபத்து. நீரை வெளியேற்றப் பள்ளம் இல்லாததால் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதந்துவிடும்.

மண்ணின் கணக்கு வேறு. மண்ணின் வலிமை இரண்டு பங்கால் ஆனது என்று 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் பொறியியலாளர் கூலோம் காட்டினார்: ஒன்று மண் தன்னோடு தான் ஒட்டிநிற்கும் பிணைவு, மற்றது பாரத்தோடு கூடும் உராய்வு. 1944இல் மிக்கிள்த்வெய்ட் என்ற ஆய்வாளர் இதைப் போர்த் தாங்கிகளின் இழுவைக்குப் பொருத்தினார். 1956இல் பொறியியலாளர் பெக்கர் தரைவழி இயக்கம் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். 1971இல் சந்திரனில் ஓடிய அப்பலோ ஊர்தியின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. அவர்களின் கணக்கு இப்படிச் செல்கிறது. காய்ந்த மணலுக்குப் பிணைவு இல்லை. பாரம் கூடினால் பிடிமானம் கூடும், ஆனால் சில்லு புதையக்கூடாது. நீரில் ஊறிய களிச்சேற்றில் உராய்வுப் பங்கு ஏறக்குறைய பூச்சியம். அங்கே பாரம் ஏற்றினால் புதைவுதான் மிஞ்சும். சேற்றைப் பற்றும் பரப்பைக் கூட்டுவதே வழி.

எருமைக் கால்

இயந்திரம் வருமுன் மட்டக்களப்பு வட்டைகளில் எருமைகளை வளையவிட்டு மிதித்தே சேறாக்கினர். பெருநிலக்காரரான போடியாரின் வளம் வயலோடு எருமைப் பட்டியாலும் அளக்கப்பட்டது. எருமையின் பிளவுண்ட குளம்பு சேற்றில் இறங்கும்போது விரிந்து பரப்பைக் கூட்டும். தூக்கும்போது ஒடுங்குவதால் சேறு அதைக் கவ்விப் பிடிக்காது. மிதிப்பு மேல்மண்ணைக் குழைத்தது, அடியில் தண்ணீர் கசியாத இறுகிய படையையும் உண்டாக்கியது. பின்னாளில் சில்லுகள் ஊன்றிநின்றதும் அந்தப் படையின் மேல்தான்.

இரும்பிலிருந்து காற்றுக்கு

முதல் தலைமுறை உழவு இயந்திரங்கள் முள்ளுப் பதித்த இரும்புச் சில்லில் ஓடின. பிடிமானம் இருந்தது, வேகம் இல்லை, வீதிகள் பாழாயின. 1932இல் அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் தன் உழவு இயந்திரத்தில் பயர்ஸ்டோன் காற்று டயரைப் பொருத்தியது. இறப்பர் வயலில் வழுக்கும் என்று விவசாயிகள் தயங்கினர். அவர்களை நம்பவைக்க அந்த நிறுவனம் பந்தயக் கார் ஓட்டிகளை அழைத்தது. 1933இல் புகழ்பெற்ற ஓட்டுநர் பார்னி ஓல்ட்பீல்ட் உழவு இயந்திரத்தை மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். உழவு டயர் விவசாயிகளிடம் பேர்பெற ஒரு பந்தயக் காட்சியும் உதவியது.

இந்த வரலாற்றில் இலங்கைக்கு மூலப்பொருள் வழியாகவும் பங்குண்டு. 1876இல் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து ஹெனரத்கொடவுக்கு வந்த இறப்பர் கன்றுகள் பெருந்தோட்டமாயின. 1952இல் சீனாவோடு செய்த ஒப்பந்தத்தின்படி இறப்பர் கொடுத்து அரிசி வாங்கியது இலங்கை.

பெர்குசனின் இரண்டு விடைகள்

அயர்லாந்துக்காரரான ஹரி பெர்குசன், கலப்பையை மூன்று புள்ளிகளில் இணைத்து நீரழுத்தத்தால் கட்டுப்படுத்தும் முறையை உருவாக்கினார். கலப்பையின் இழுப்பையே பின்சில்லின் மேல் பாரமாக மாற்றுவது அதன் உட்பொருள். இரும்பைக் குவித்து எடை ஏற்றாமலே பிடிமானம் கிடைத்தது. 1946இல் கொவென்ட்ரியில் வெளிவரத் தொடங்கிய அவரது சிறிய உழவு இயந்திரம் ஐந்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. அதன் வழித்தோன்றல்களான மாசி பெர்குசன் 35, 135 ரகங்கள் இலங்கை வயல்களில் பரவின. இன்றும் கிராமத்தில் ‘மெசின்’ என்றால் மனதில் வருவது பெரும்பாலும் அந்தச் சிவப்பு உருவமே.

அதே பெர்குசன் தம் இறுதிக் காலத்தில் நான்கு சில்லும் இழுக்கும் கார்களில் இறங்கினார். அவர் 1960இல் மறைந்தார். மறு ஆண்டு இங்கிலாந்தின் ஓல்டன் பார்க்கில், ஈரமான தடத்தில், அவரது நிறுவனத்தின் பி-99 காரை ஓட்டிப் பந்தய ஓட்டுநர் ஸ்டெர்லிங் மொஸ் வென்றார். பார்முலா ஒன் வகைப் பந்தயத்தில் நான்கு சில்லு இழுவைக் கார் பெற்ற ஒரே வெற்றி அது. வயலில் பாரத்தைச் சில்லுக்கு மாற்றிய சிந்தனையே தடத்தில் இழுவையைப் பாரம் முழுவதற்கும் பகிர்ந்தது.

லாண்ட்மாஸ்டரும் கூட்டுச் சில்லும்

பெரிய மெசின் நுழைய முடியாத சிறு வரவைகளுக்கு, அதாவது வரம்பிட்ட சிறு வயல் துண்டுகளுக்கு, விடையாக வந்தது இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். அதன் உருவாக்கத்தில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தனவுக்கு முக்கிய இடமுண்டு. தாம் இயந்திரமாக்கியது வேளாண்மையை அல்ல, எருமையைத்தான் என்ற கருத்தில் அவர் பிற்காலத்தில் தம் பணியைத் தாமே விமர்சித்தார். பிடிமானத்தின் வரலாற்றில் அந்தக் கூற்று அப்படியே பொருந்துகிறது. சேற்றில் டயரின் பக்கத்திலோ அதற்குப் பதிலாகவோ பூட்டும் இரும்புக் கூட்டுச் சில்லு, குளம்பின் வேலையையே செய்கிறது: தகடுகள் சேற்றை வெட்டி இறங்கிப் பரப்பைத் தருகின்றன, இடைவெளிகள் வழியே சேறு கழிகிறது. தார் வீதியில் இதே தகடுகள் வீதியைக் கொத்திவிடும்.

பிடிமானத்தை இழந்த இடத்தில் அனுபவம் எப்படிப் பேசுகிறது என்பதற்குப் புதைந்த மெசின் நல்ல சான்று. ஒரு பின்சில்லு மட்டும் சுழன்றால் ஓட்டுநர் அந்தப் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பார். வலு மறு சில்லுக்குப் போகும். இரண்டும் சுழன்றால் சிலர் குறுக்கே மரக்குற்றியைச் சில்லோடு பிணைத்துக் கிளச்சை விடுவர். சில்லு நகர மறுத்தால் எஞ்சினின் வலு முழு உடலையும் அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழும்பி ஓட்டுநரின் மேல் கவிழும். தரை ஏற்க மறுத்த வலு வேறு வழி தேடிக்கொள்கிறது.

அண்மைக் காலத்தில் அறுவடைக்கு வரும் வெட்டு மெசின்கள் சில்லையே கைவிட்டு இறப்பர்ப் பட்டியில் ஊர்கின்றன. நீளமான அந்தப் பட்டி பாரத்தைப் பரத்தி, ஈரம் காயாத வயலிலும் மெசினைப் புதையாமல் நகர்த்துகிறது. மணலுக்கு இன்னொரு வழி: டயரில் காற்றைக் குறைத்தால் தொடுபரப்பு விரியும், புதைவு குறையும். தார் வீதிக்கு ஏறுமுன் காற்றை மீண்டும் அடிக்காவிட்டால் டயர் சூடேறிக் கிழியும்.

முடிவுரை

இந்தக் கண்டுபிடிப்புகளை வரிசைப்படுத்தினால் எஞ்சின் வலு வளர்ந்த கதை பின்னுக்குப் போகிறது. இரும்பு முள், காற்று டயர், பாரமாற்றம், கூட்டுச் சில்லு, பட்டி ஆகிய ஒவ்வொன்றும் தரையின் ஒரு குணத்துக்கு அளித்த விடை. ஒரு தரைக்கான விடை மற்றொரு தரையில் தவறாகும். ஆகவே சித்தாண்டி போன்ற ஊர்களுக்கு இயந்திரம் தெரிவு செய்யும்போது குதிரைவலுவுக்கு முன் கேட்கவேண்டியவை வேறு: வயலின் இறுகிய படை எத்தனை ஆழத்தில் உள்ளது, வட்டைக்குப் போகும் பாதை எது, வீதிக்கு ஏறுமுன் இரும்பைக் கழற்ற இடம் உண்டா என்பன. இந்தக் கேள்விகளைத் தவிர்த்து வாங்கும் கூடுதல் குதிரைவலு, வயலில் ஆழமான குழியையும் வீதியில் தேய்ந்த டயரையும்தான் மிச்சம் வைக்கும்.